பேஸ் குரல்: ஓபராவின் ஆழ்ந்த ஆண்குரலைக் கேட்கத் தொடங்குவோருக்கு

கனத்த குரலில் ஒருவர் பேசக் கேட்டால், "அவருக்கு நல்ல பேஸ் வாய்ஸ்" என்று சொல்லிவிடுகிறோம். வானொலி அறிவிப்பாளர், திரையில் மிரட்டும் வில்லன், கல்யாண வீட்டில் மைக்கைப் பிடித்துக்கொண்டு விடாமல் பேசும் பெரியப்பா என்று பலருக்கும் இந்தப் பட்டம் எளிதாகக் கிடைத்துவிடுகிறது. பாட்டாலேயே நடத்தப்படும் ஐரோப்பிய இசை நாடகமான ஓபராவிலும் அதன் உறவான மேடைப் பாடல்களிலும் இதே சொல் சற்றுக் கறாரான பொருளில் வழங்குகிறது. அங்கே அது ஒரு பாடகரின் தொழிற்பெயர். ஆண்குரல்களில் மிகத் தாழ்ந்த எல்லையில், மைக் இல்லாமல், ஒரு முழு வாத்தியக் குழுவின் ஓசையையும் தாண்டி, பெரிய அரங்கின் கடைசி வரிசை வரை சொல் தெளிவாகச் சென்று சேரும்படி பாடுகிறவரைத்தான் அங்கே பேஸ் என்கிறார்கள்.

இந்தக் குரலைப் புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்கும் கேள்வி, இவர் எவ்வளவு கீழே போவார் என்பதுதான். கேள்வி இயல்பானதே, ஆனால் அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டால் நல்ல பாடகர்களில் பாதிப் பேரைத் தவறவிட்டுவிடுவோம். எட்டும் ஆழத்தைவிட, அந்த ஆழத்தில் ஒரு சொல் எப்படி நிற்கிறது என்பதே கேட்க வேண்டியது என்பது என் எண்ணம். கீழே வரும் உதாரணங்களை அதற்காகவே தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

முதலில் எல்லையைத் தெரிந்துகொள்வோம். கர்நாடக இசையில் பாடகர் தமக்குப் பொருந்தும் ஸ்ருதியைத் தாமே வைத்துக்கொள்கிறார். தம்புராவும் மிருதங்கமும் அவருக்கேற்பச் சேர்க்கப்படுகின்றன. அதனால் ஒரே கீர்த்தனையை ஒருவர் ஒரு கட்டையிலும் இன்னொருவர் ஐந்து கட்டையிலும் பாட முடிகிறது. ஓபராவில் அந்தச் சுதந்திரம் இல்லை. இசையமைப்பாளர் எழுதிய ஸ்வரத்தின் உயரம் பொதுவாக மாறாது; வாத்தியக் குழு முழுவதும் அதற்கேற்ப எழுதப்பட்டிருப்பதால், பாத்திரத்துக்குப் பொருந்தும் குரலைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். குரல்களை டெனர், பாரிடோன், பேஸ் என்று வகைப்படுத்தும் வழக்கம் இவ்வளவு வலுவாக வேரூன்றியதற்கு இது முக்கியமான காரணம். ஆண்குரல்களில் டெனர் உயர்ந்தது, பாரிடோன் நடுவிலிருப்பது, பேஸ் எல்லாவற்றுக்கும் கீழே உள்ளது. பாரிடோனுக்கும் பேஸுக்கும் இடைப்பட்ட நிலத்தில் வாழ்பவர்களை பேஸ்-பாரிடோன் என்கிறார்கள்.

பேஸ் பாடகரின் வழக்கமான எல்லை ஏறத்தாழ 82 ஹெர்ட்ஸிலிருந்து 330 ஹெர்ட்ஸ் வரை, அதாவது இரண்டு ஸ்தாயி. எண்கள் கண்ணைக் கட்டுகின்றன என்றால் ஒரு கிட்டாரை எடுத்து, மிகத் தடித்த கம்பியை எங்கும் அழுத்தாமல் மீட்டிப் பாருங்கள்; கிட்டார் வழக்கமான முறையில் சேர்க்கப்பட்டிருந்தால் அந்தக் கம்பியின் ஒலியே பேஸ் குரலின் தரைமட்டம். நம் கணக்கில் சொன்னால், ஒரு கட்டை ஸ்ருதியில் பாடும் ஆண்குரல் மந்த்ர பஞ்சமத்தைக் கடந்து, மந்த்ர ஸ்தாயி அந்தர காந்தாரத்துக்கு இறங்கும் இடம் அது. கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு, அந்த இடத்தில் குரல் பெரும்பாலும் முணுமுணுப்பாகவோ காற்றாகவோ கரைந்துவிடும் என்பது தெரியும். பேஸ் பாடகர் அங்கே வீடு கட்டிக் குடியிருக்கிறார்.

பழந்தமிழ் இசை மரபு மூன்று ஸ்தாயிகளை மெலிவு, சமன், வலிவு என்று குறித்தது. கீழ் ஸ்தாயிக்கு மெலிவு என்ற பெயர் பொருத்தமானதே, ஏனெனில் இயற்கையில் குரல் தாழத் தாழ வலுவிழக்கும். அப்படியிருக்க, அந்த மெலிந்த இடத்தில் நின்றுகொண்டு ஒருவர் எப்படி ஓர் அரங்கை நிரப்புகிறார்?

விடை மேற்சுரங்களில் இருக்கிறது. குரல் நாண்கள் நொடிக்கு 82 முறை அதிரும்போது அந்த ஓர் அதிர்வெண் மட்டும் பிறப்பதில்லை. 164, 246, 328 என்று அதன் மடங்குகளும் ஓர் ஏணிபோல உடன் பிறக்கின்றன. பயிற்சி பெற்ற ஓபராப் பாடகர் தொண்டைக்குழியின் வடிவத்தை ஒழுங்குபடுத்தி, அந்த ஏணியில் ஏறத்தாழ 2,400 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள படிகளை மட்டும் தனியே வலுப்பெறச் செய்கிறார். சுவீடன் நாட்டு ஆய்வாளர் யோஹான் சுண்ட்பெர்க் 1970களில் இதை அளந்து விளக்கினார். வாத்தியக் குழுவின் ஓசை 500 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் மிக வலுவாக இருந்து, அதற்கு மேலே போகப் போகத் தளர்கிறது. பாடகர் வலுப்படுத்தும் பகுதியோ வாத்தியங்கள் தளரும் இடத்தில், நம் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் இடத்தில் அமைகிறது. ஆகவே, பேஸ் பாடகரின் குரல் நம்மை வந்தடைவது அதன் ஆழத்தால் அன்று, ஆழத்தின் மேலே படரும் ஒரு பளபளப்பால். அடித்தொண்டையிலிருந்து உருட்டிப் பாடுவதை ஆழம் என்று எண்ணும் தொடக்கநிலைப் பாடகர்கள் அந்தப் பளபளப்பைத் தாங்களே மூடிவிடுகிறார்கள். பக்கத்தில் நின்று கேட்டால் அவர்கள் பெரிய குரலாகத் தெரிவார்கள். பத்தாவது வரிசைக்கு வந்தால் ஒரு மங்கலான முழக்கம்தான் மிஞ்சும்.

இதிலிருந்து ஒரு நடைமுறைக் குறிப்பும் கிடைக்கிறது. கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியால் 82 ஹெர்ட்ஸை உருப்படியாக எழுப்பவே முடியாது. மேற்சுரங்களைக் கேட்டு அடிஸ்வரத்தை நம் மூளையே ஊகித்துக்கொள்கிறது. எனவே முதல்முறை கேட்கும்போதாவது நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள்.

மொஸார்ட்டிடமிருந்து தொடங்குவது நல்லது. 1782 ஜூலையில் வியன்னாவின் புர்க் அரங்கில் மேடையேறிய "அந்தப்புரக் கடத்தல்" என்ற ஓபராவில், பாஷா எனப்படும் துருக்கிய உயர் அதிகாரியின் மாளிகையைக் காவல் காக்கும் ஒஸ்மின் என்ற பாத்திரம் வருகிறது. கொடூரமும் கோமாளித்தனமும் சம அளவில் கலந்த ஆள். அதை முதலில் பாடிய லுட்விக் ஃபிஷர் அசாதாரணமான குரல் எல்லை கொண்டவர். ஒரு பேஸ் பாடகருக்குக்கூட ஃபிஷர் அளவுக்கு மீறித் தாழப் பாடுகிறார் என்று சால்ஸ்புர்க் பேராயர் குறைபட்டுக்கொண்டதையும், அடுத்த முறை மேலே பாடுவார் என்று தாம் சமாதானம் சொன்னதையும், 1781 செப்டம்பரில் மொஸார்ட் தம் தந்தைக்கு எழுதிய கடிதத்தில் குறும்போடு குறிப்பிடுகிறார். குறை சொன்ன பேராயருக்குப் பதில் சொல்வதுபோல, ஒஸ்மினின் வெற்றிக் களிப்புப் பாடலில் 73 ஹெர்ட்ஸ் வரை இறங்கி, அங்கேயே நீண்ட கார்வை கொடுத்து நிற்கும் ஓர் இடத்தையும் எழுதிவைத்தார். அதே கடிதத்தில் இன்னொரு கருத்தும் இருக்கிறது: கோபத்தில் ஒருவன் எல்லை மீறுவதைக் காட்டும்போதுகூட இசை காதைப் புண்படுத்தக் கூடாது, அது இசையாகவே இருக்க வேண்டும். பேஸ் பாடகர்கள் உறுமும்போதெல்லாம் எனக்கு இந்த வரி நினைவுக்கு வரும்.

அடுத்தது 1791 செப்டம்பர் 30 அன்று வியன்னாவில் அரங்கேறிய "மந்திரப் புல்லாங்குழல்". இதில் ஞானத்தின் ஆலயத்துக்குத் தலைமை வகிக்கும் சராஸ்த்ரோ, ஓபராவின் பேஸ் பாத்திரங்களிலேயே மிகப் புகழ்பெற்றவர்களில் ஒருவர். இரவின் அரசி பழிவாங்கச் சொல்லித் தன் மகளிடம் சீறும் பாடலில் சோப்ரானோ எனப்படும் உயர்ந்த பெண்குரல் 1,400 ஹெர்ட்ஸை ஒட்டிய உச்சத்தைத் தொடுகிறது. சிறிது நேரத்தில் அதே மகளிடம் சராஸ்த்ரோ, இந்தப் புனித மண்டபங்களில் பழி என்பதையே யாரும் அறியார் என்று நிதானமாகப் பாடுகிறார். அவருடைய இன்னொரு பாடலான தெய்வப் பிரார்த்தனையில் வரும் மிகத் தாழ்ந்த ஸ்வரம் 87 ஹெர்ட்ஸ். அரசியின் உச்சத்துக்கும் இதற்கும் இடையே சரியாக நான்கு ஸ்தாயி. நாடகத்தின் முழுப் பூசலையும் இரண்டு தொண்டைகளின் தொலைவாகவே மொஸார்ட் எழுதிவிட்டார்.

சராஸ்த்ரோவைக் கேட்கும்போது கவனிக்க வேண்டியது மூச்சு. தாழ்ந்த ஸ்வரங்கள் காற்றைத் தாராளமாகக் குடிக்கும். பாட்டோ மெதுவாக நகர்வது, ஒளிந்துகொள்ள இடமில்லாதது. ஒரு ஸ்வரம் அடுத்த ஸ்வரத்துக்கு இடைவெளியின்றிக் கைமாற வேண்டும். ஜெர்மானியப் பாடகர் குர்ட் மோல் (1938–2017) இதைப் பாடிய பதிவுகள் எனக்கு மிகப் பிடித்தவை. அவர் இளமையில் செல்லோ வாசித்தவர். அதைத் தெரிந்துகொண்ட பிறகு கேட்டதாலோ என்னவோ, அவர் பாட்டில் வில் திரும்பும் இடம்கூடத் தெரியாத ஒரு தந்தி வாத்தியத்தையே நான் கேட்கிறேன்.

பேஸ் குரலுக்குள்ளும் பிரிவுகள் உண்டு. இத்தாலியர்கள் இனிமையாக நீட்டிப் பாடுவதை பாஸோ கந்தாந்தே என்றும், மிக ஆழ்ந்து கனப்பதை பாஸோ ப்ரொஃபோந்தோ என்றும், வேகமாகச் சொற்களைப் பொரிந்து தள்ளிச் சிரிக்கவைப்பதை பாஸோ பஃபோ என்றும் பிரிக்கிறார்கள். ஜெர்மானியர்கள் மிக இருண்ட வண்ணமுடைய குரலைக் கறுப்பு பேஸ் என்கிறார்கள். நகைச்சுவைப் பிரிவுக்கு ஒரே ஓர் உதாரணம் போதும்: மொஸார்ட்டின் "தோன் ஜொவான்னி" ஓபராவில் வரும் வேலைக்காரன் லெப்போரெல்லோ தன் எஜமானின் காதலிகளை நாடுவாரியாகக் கணக்கு வாசிக்கிறான். இத்தாலியில் 640, ஜெர்மனியில் 231, பிரான்சில் 100, துருக்கியில் 91, ஸ்பெயினில் மட்டும் 1,003. கணக்குப்பிள்ளையின் பெருமிதத்தோடு அந்த ஆயிரத்து மூன்றை அவன் திரும்பத் திரும்பச் சொல்லும் இடத்தில், கனத்த குரலுக்கு எவ்வளவு நுட்பமான நகைச்சுவை வரும் என்பது தெரிந்துவிடும்.

ஒரே ஒரு காட்சியைத்தான் கேட்க நேரமிருக்கிறது என்று யாராவது சொன்னால், வெர்டியின் "தோன் கார்லோஸ்" ஓபராவைத்தான் காட்டுவேன். 1867 மார்ச்சில் பாரிசில் பிரெஞ்சு மொழியில் அரங்கேறிய இது, இன்று இத்தாலிய வடிவத்திலும் பரவலாகப் பாடப்படுகிறது. ஸ்பெயினின் அரசர் இரண்டாம் பிலிப், தம் மகனுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பிரெஞ்சு இளவரசி எலிசபெத்தைத் தாமே மணந்துகொண்டிருக்கிறார். விடியும் நேரம், மெழுகுவத்திகள் எரிந்து முடியும் தறுவாயில் இருக்கின்றன, அரசர் தம் அறையில் தூங்காமல் அமர்ந்திருக்கிறார். ஒரு தனிச் செல்லோ பேசத் தொடங்குகிறது. நெடுநேரம் கழித்தே அரசர் வாய் திறக்கிறார்: அவள் என்னை ஒருபோதும் நேசித்ததில்லை.

நல்ல பாடகர் இதை ஏறக்குறைய தமக்குள்ளேயே சொல்லிக்கொள்வார். உலகின் பாதியை ஆள்பவர் தூக்கம் வராத ஒரு கிழவராகச் சுருங்கிப்போன கணம் அது. அங்கே முழுக்குரலைத் திறந்துவிடுபவர் காட்சியைக் கெடுத்துவிட்டார் என்று பொருள். பிரான்சிலிருந்து வந்த நாளில் தம் நரைத்த தலையை அவள் சோகமாகப் பார்த்ததை அவர் நினைவுகூர்கிறார். பிறகு, எஸ்கோரியல் அரண்மனையின் கல்லறை மண்டபத்தில் அரச அங்கியைப் போர்த்துக்கொண்டு தாம் தனியாக உறங்கப்போகும் நாளைப் பற்றி ஒரு நீண்ட ராகம்போல இசை விரிகிறது. முதல் வரி பாட்டின் இறுதியில் மீண்டும் வரும்போது, அதே சொற்கள் முன்பைவிட எவ்வளவு கனக்கின்றன என்று ஒப்பிட்டுப் பாருங்கள். இதில் ஒரு வரலாற்று வேடிக்கையும் உண்டு. உண்மையான பிலிப் 1559இல் எலிசபெத்தை மணந்தபோது அவருக்கு வயது 32தான். நரையைக் கொடுத்தது நாடகம், அதை நம்பவைப்பது பேஸ் குரல்.

பாட்டு முடிந்த சூட்டோடு, தொண்ணூறு வயதான, கண் தெரியாத தலைமை விசாரணைக் குரு, அதாவது மத விரோதிகளை விசாரித்துத் தண்டிக்கும் திருச்சபை மன்றத்தின் தலைவர், இருவர் கைத்தாங்கலாக உள்ளே வருகிறார். அவரும் பேஸ். வாத்தியக் குழுவும் தன் அடிமட்ட வாத்தியங்களுக்கு இறங்கிவிடுகிறது. மகனைக் கொல்லச் சொன்னால் திருச்சபை என்னை மன்னிக்குமா என்று அரசர் கேட்க, நம்மைக் காக்க இறைவன் தன் மகனையே பலி கொடுத்தான் என்று குரு பதில் சொல்கிறார். இரண்டு தாழ்ந்த குரல்கள் மட்டுமே மோதிக்கொள்ளும் இத்தகைய நெடிய காட்சிகள் ஓபராவில் மிக அரியவை. இங்கேதான் வண்ணம் என்ற சொல் பொருள் பெறுகிறது: ஒரே எல்லைக்குள் பாடும் இருவரில் அரசரின் குரல் வெல்வெட்டுத் துணிபோல வளைய வேண்டும், குருவின் குரல் வளையாத கருங்கல்லாக இருக்க வேண்டும். 1965இல் கியோர்க் ஷோல்ட்டி நடத்திய பதிவில் பல்கேரியர் நிக்கொலாய் கியாவ்ரோவ் அரசராகவும், ஃபின்லாந்துக்காரர் மார்ட்டி தல்வேலா குருவாகவும் பாடுகிறார்கள். மொழி ஒரு சொல்கூடப் புரியாவிட்டாலும், யார் எஜமானர் என்பது இரண்டே நிமிடத்தில் காதுக்குப் புரிந்துவிடும். சிம்மாசனம் எப்போதும் பலிபீடத்தின் முன் வளைய வேண்டுமோ என்று அரசர் இறுதியில் கசந்து சொல்லும் வரி, குரலின் மேல் எல்லையில் தொடங்கி அதன் அடிவாரத்துக்குச் சரிகிறது.

பேஸ் குரல் என்றதும் ரஷ்யாவும் பல்கேரியாவும் நினைவுக்கு வருவதற்கு ஒரு காரணம் வழிபாட்டில் இருக்கிறது. ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் தேவாலயங்களில் வாத்தியங்களுக்கு இடமில்லை; ஆகவே மேற்கே ஆர்கன் கொடுக்கும் அடித்தளத்தை இங்கே மனிதக் குரலே கொடுக்க வேண்டியிருந்தது. வழக்கமான பேஸுக்கும் ஒரு ஸ்தாயி கீழே பாடும் ஒக்தவிஸ்த் என்ற தனிவகைப் பாடகர்கள் அப்படித்தான் மதிப்புப் பெற்றார்கள். ரஹ்மானினோவ் 1915இல் மாஸ்கோவில் அரங்கேற்றிய "இரவு முழுவதுமான விழிப்பு வழிபாடு" என்ற குழுப்பாடல் தொகுதியின் ஐந்தாம் பாடல், பேஸ் குரல்கள் படிப்படியாக இறங்கி 58 ஹெர்ட்ஸில் போய் அமர்வதோடு முடிகிறது. ஒரு கட்டை ஸ்ருதிக்கு அது அனுமந்த்ர ஸ்தாயி. இத்தகைய பேஸ்கள் கிறிஸ்துமஸ் காலத்து அஸ்பராகஸ் போல அரிதாயிற்றே, எங்கே போய்ப் பிடிப்பது என்று குழுவை நடத்திய தனீலின் தலையை ஆட்டினாராம்; பிடித்தும் விட்டார். தம் நாட்டினரின் குரலைத் தாம் அறிந்திருந்ததாக ரஹ்மானினோவ் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

ஆனால் அந்த மண்ணின் மிகப் பெரிய ஓபராப் பாடகரான ஃபியோதர் ஷலியாப்பின் (1873–1938) அத்தகைய பாதாளக் குரலுடையவர் அல்லர். அவருடையது ஒப்பீட்டளவில் உயர்ந்து ஒலித்த பேஸ். கஸான் நகரில் வறுமையில் பிறந்த அவர், 1908இல் பாரிசில் முஸோர்க்ஸ்கியின் "பரீஸ் கதுனோவ்" ஓபராவில் குற்றவுணர்வால் சிதையும் ஜார் மன்னராகத் தோன்றி அந்நகரையே உலுக்கினார். இந்தப் பாத்திரத்தை 1874இல் முதன்முதலில் பாடியவர் ஒரு பாரிடோன் என்பதும் நம் வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. 1928இல் லண்டன் கொவென்ட் கார்டன் அரங்கில் நேரடியாகப் பதிவான ஷலியாப்பினின் மரணக் காட்சி இன்றும் கேட்கக் கிடைக்கிறது. பேச்சும் பாட்டும் ஒன்றுக்குள் ஒன்று நழுவுகின்றன. நான் இன்னும் ஜார்தான் என்ற கதறல் பாட்டுக்குள் அடங்க மறுக்கிறது. பழைய இசைத்தட்டின் இரைச்சல் பழகும்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும். அவருக்குப் பின் வந்தவர்களில் பலர் விம்மலையும் பெருமூச்சையும் மட்டும் அவரிடமிருந்து கடன் வாங்கிக்கொண்டதால், ஷலியாப்பினை முதல் பாடமாக வைக்காமல் இரண்டாவது பாடமாக வைப்பதே நல்லது. பல்கேரியர் பரீஸ் கிறிஸ்தோஃப், 1952, 1962 ஆகிய இரண்டு முழுப் பதிவுகளிலும் ஜார், முதிய துறவி, குடிகாரத் துறவி ஆகிய மூன்று பேஸ் பாத்திரங்களையும் தாமே பாடியிருக்கிறார். ஒரே தொண்டையின் வண்ணத்தை எத்தனை விதமாக மாற்றலாம் என்று அறிய அது நல்ல ஆய்வுக்கூடம்.

ஓபராவை விட்டு மேடைப் பாடலுக்கு வந்தால் அளவு சட்டெனச் சிறுத்துவிடுகிறது. ஒரு பியானோ, ஒரு குரல், சில நிமிடங்கள். இங்கே ஸ்ருதியை மாற்றிக்கொள்ளலாம். ஒரே பாடல் உயர்குரல், தாழ்குரல் பதிப்புகளாக அச்சாவது வழக்கம். உயர்ந்த குரலின் எல்லையில் எழுதப்பட்ட ஷூபர்ட்டின் "பனிக்காலப் பயணம்" என்ற 24 பாடல் தொகுதியை ஹான்ஸ் ஹாட்டர் போன்ற பேஸ்-பாரிடோன்கள் தமதாக்கிக்கொண்டது அப்படித்தான்.

அதே ஷூபர்ட் 1817இல் எழுதிய "மரணமும் இளம்பெண்ணும்" மூன்று நிமிடம்கூட நீடிக்காத பாடல். என்னைத் தொடாதே, போய்விடு என்று பெண் பதறுகிறாள். மரணம் ஏறக்குறைய ஒரே ஸ்வரத்தில் நின்றபடி, நான் உன் நண்பன், என் கரங்களில் மெல்லத் துயில்வாய் என்கிறது. கடைசிச் சொல்லுக்கு ஷூபர்ட் ஒரு தாழ்ந்த மாற்று ஸ்வரத்தையும் எழுதியிருக்கிறார். மூல ஸ்ருதியில் ஒரு பேஸ் அதைப் பாடும்போது வருவது 73 ஹெர்ட்ஸ். ஒஸ்மின் குதூகலித்து நின்ற அதே ஸ்வரம்தான். அங்கே பிறர் கழுத்தில் கயிறு விழப்போவதைக் கொண்டாடிய அந்த ஆழம், இங்கே குழந்தையைத் தொட்டிலில் இடும் கைபோலத் தாழ்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், எவ்வளவு கீழே என்ற கேள்வி ஏன் பயனற்றது என்பது தானே விளங்கும்.

பிராம்ஸ் தம் "நான்கு தீவிரப் பாடல்க"ளைப் பேஸ் குரலுக்கென்றே குறிப்பிட்டு 1896 மே மாதத்தில் எழுதினார். அவருடைய வாழ்நாள் தோழி கிளாரா ஷூமன் நோயுற்றிருந்து அதே மாதம் 20ஆம் தேதி காலமானார். சொற்கள் லூத்தரின் விவிலிய மொழிபெயர்ப்பிலிருந்து எடுக்கப்பட்டவை. மூன்றாவது பாடலை மட்டுமாவது கேளுங்கள். செழிப்பில் வாழ்பவனுக்கு மரணம் எவ்வளவு கசப்பானது என்று இறங்கிவரும் இசை, வறியவனுக்கும் வலுவிழந்த முதியவனுக்கும் அது எவ்வளவு இதமானது என்று சொல்லும்போது மரணத்தைக் குறிக்கும் அதே ஜெர்மன் சொல்லில், முன்பு விழுந்த இடைவெளியைத் திருப்பிப் போட்டு மேல்நோக்கி எழுகிறது.

பேஸ் குரல் தாமதமாகக் கனியும். நாற்பது வயதில்தான் பலர் தம் முழு நிறத்தை அடைகிறார்கள், பிறகு நெடுங்காலம் பாடுகிறார்கள். ரஷ்யப் பாடகர் மார்க் ரெய்ஸென் 1985இல், தம் தொண்ணூறாவது வயதில், மாஸ்கோவின் பல்ஷோய் அரங்கில் சைகோவ்ஸ்கியின் "யெவ்கேனி அனேகின்" ஓபராவின் இளவரசர் கிரேமினாகத் தோன்றினார். கிரேமின் கடைசி அங்கத்தில் வந்து ஒரே ஒரு பாடலைப் பாடிவிட்டுப் போகும் பாத்திரம். காதலுக்கு எல்லா வயதும் கட்டுப்பட்டதே என்று தொடங்கும் அந்தப் பாடலை, தொண்ணூறு வயதில் நின்றுகொண்டு, எதையும் கூட்டாமல் குறைக்காமல் அவர் பாடுவதைப் பதிவில் கேட்கலாம். பாட்டின் கடைசி ஸ்வரம் 92 ஹெர்ட்ஸை ஒட்டியது. அதற்கு இறங்கும் முன் அவர் எங்கே மூச்சு எடுக்கிறார் என்பதைக் கவனியுங்கள்.